சும்மாட்டுக்கு மார்க் இல்லை

மருத்துவக் கல்லூரியின் கடைசி வருசப் பரீட்சைக்குக் கேள்வித்தாளும் பேனாவும் மட்டும் போதாது. ஆள் வேண்டும். நோவு உள்ள ஆள். வார்டில் படுத்திருப்பவர்களில் 'நல்ல கேஸ்' எது என்று பொறுக்கியெடுத்து, விடிந்தும் விடியாமலும் குளிக்கச் சொல்லி, வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு கேஸுக்கு ஒரு மாணவர். அந்த மாணவர் நோயாளியிடம் கதை கேட்க வேண்டும், உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும், இன்ன நோய் என்று முடிவு கட்ட வேண்டும். தேர்வாளர்கள் வந்து நின்றதும் அத்தனையையும் சொல்லி, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். லாங் கேஸ், ஷார்ட் கேஸ் என்று இதற்குப் பேர். இதைத் தாண்டாமல் இந்த நாட்டில் ஒருத்தர் டாக்டராக முடியாது.

இந்தக் கேஸ்கள் யார்? தனியார் ஆஸ்பத்திரியில் ஏசி ரூமில் படுத்திருக்கிறவர் பரீட்சைக்கு வந்து உட்காரமாட்டார். தர்மாஸ்பத்திரி என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் இன்னும் சொல்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரோ அவர்கள்தான் கேஸ். சேரிச்சனம், மலைச்சனம், கூலிச்சனம். நம் உடம்பைத் தொட்டுத்தான் டாக்டர்கள் டாக்டர்களாகிறார்கள். தெருவுக்குள் வராதே, கிணற்றைத் தொடாதே என்று தள்ளிவைத்த உடம்பு, பரீட்சை அன்றைக்கு மட்டும் பாடப்புத்தகமாகிவிடுகிறது.

எங்கம்மா அப்படியொரு பாடப்புத்தகமாக உட்கார்ந்தது. கேஸ்: நாள்பட்ட கழுத்து வலி. அந்தப் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தார்கள், எந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பரீட்சையில் எதற்கு மார்க் உண்டோ அதைத்தான் படிக்கிற பிள்ளை பார்க்கும். படிக்கும்போது பார்க்காததை டாக்டரான பிறகு எப்படிப் பார்க்கும்?

*

கள்ளக்குறிச்சி கரும்புச் சீமை. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். ஆலைக்குக் கரும்பு லாரியிலும் டிராக்டரிலும் போவதை ரோட்டில் போகிற எல்லாரும் பார்த்திருப்பார்கள். கழனியிலிருந்து லாரிக்கு எதில் போகிறது? தலையில் போகிறது.

வெட்டிய கரும்பைச் சோகை உரித்துக் கட்டாகக் கட்டுவார்கள். பழம்புடவையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, அதன் மேல் கட்டை ஏற்றி, ஈர வரப்பில் கால் வழுக்காமல் நடந்து, லாரியில் சாத்தியிருக்கிற பலகையில் ஏறி, மேலே தள்ளிவிட்டு இறங்க வேண்டும். லாரி நிறைகிறவரைக்கும் இதுதான் வேலை. கூலி டன் கணக்கு. எங்கம்மா பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தலையில் சுமை ஏற்றியது. கரும்பு இல்லாத நாளில் நெல்லுக்கட்டு. அதுவும் இல்லாத நாளில் எருக்கூடை. வீடு கட்டுகிற இடத்தில் செங்கல், ஜல்லி, மண்ணு. ஒரு வேலையும் இல்லாத நாளில் வெறகுக்கட்டு, தண்ணிக்குடம். வேலை இல்லாத நாளிலும் அதன் தலை சும்மா இருந்ததில்லை.

சும்மாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் சேரி ஆம்பளை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தால் திமிர் என்று அடித்தார்கள். அதே துண்டைச் சுருட்டி அதன் மேல் ஆண்டையின் நெல்லு மூட்டையை வைத்தால் திமிர் இல்லை, வேலை. எங்கள் தலையில் துணி இருக்கலாம், அதற்கு மேலே அவர்கள் சுமை இருந்தால். துண்டு கட்டுகிற உரிமைக்கு நாங்கள் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். சும்மாட்டுக்கு அடியில் இருக்கிற கழுத்தைப் பற்றி நாங்களும் பேசியது குறைவு.

அம்மாவுக்கு ஐம்பது வயசு சுமாரில் கழுத்து பிடித்துக்கொண்டது. முதலில் சுளுக்கு என்றார்கள். பக்கத்து ஊர்க் கிழவர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். அப்புறம் மெடிக்கல் கடையில் 'ஒடம்பு வலிக்கு நாலு மாத்திரை குடுங்க' என்று வாங்கித் தின்றது. அதில் வயிறு எரிய ஆரம்பித்தது. வயிற்று எரிச்சலுக்குத் தனியாக மாத்திரை. கள்ளக்குறிச்சியில் ஊசி போட்டார்கள், ரெண்டு நாள் சரியாக இருக்கும், மூணாம் நாள் பழையபடி. அப்புறம் கழுத்துக்கு பெல்ட் எழுதிக் கொடுத்தார்கள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கரும்புக்கட்டு தூக்கியது. ஒருநாள் வலதுகைப் பெருவிரல் மரமரத்துப்போய்க் கத்தி நழுவிக் காலில் விழுந்தது. அன்றைக்குத்தான் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. ஒரு கல்லூரியின் குணம் மட்டும் அல்ல இது.

சேர்த்துக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள். அஞ்சாறு நாள் போனதும், 'நாளைக்குப் பசங்களுக்குப் பரீட்சை, கொஞ்சம் ஒத்துழைப்புக் குடும்மா' என்றார்கள். முடியாது என்று சொல்லலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. ஓசியில் வைத்தியம் பார்க்கிற இடத்தில் அப்படிச் சொல்லத் தோணவும் தோணாது. என்னை உள்ளே விடவில்லை. உள்ளே நடந்ததை அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.

"காலையில இட்லி குடுத்தாங்க. ஒரு பொண்ணு வந்துச்சி. நம்ம சின்னவ வயசு இருக்கும். கை ரெண்டும் சில்லுனு இருந்துச்சி, பயத்துல. எத்தினி நாளா வலின்னு கேட்டுச்சி. கையில எறங்குதா, மரமரப்பு இருக்குதா, நடக்கச் சொல்ல கால் தடுமாறுதா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு ஒழுங்கா போறீங்களா, எல்லாம் கேட்டுச்சி. மரியாதையாத்தான் கேட்டுச்சி, பாவம். முட்டிக்கை மடிப்புல சின்னச் சுத்தியால தட்டிப் பாத்துச்சி. என்னா வேலை செய்யுறீங்கன்னு கேட்டுச்சி. கூலி வேலை பாப்பான்னேன். எழுதிக்கிச்சி. அப்புறம் பெரிய டாக்டருங்க ரெண்டு பேரு வந்தாங்க. எல்லாம் இங்கிலீசு. ஒருத்தரு என் கையத் தூக்கிப் புடிச்சிக்கினே அதுகிட்ட கேள்வி கேக்குறாரு. அது யோசிச்சி யோசிச்சிச் சொல்லுது. அது சொல்ற வரைக்கும் என் கை அவரு கையிலதான் தொங்குது. கழுத்துலருந்து ஒரு வலி சுரீர்னு எறங்குது. சொன்னா அந்தப் பொண்ணுக்கு மார்க் போயிடுமோன்னு பல்லக் கடிச்சிக்கினு இருந்துட்டேன். எம்மாம் தூக்குன, எத்தினி வருசமா தூக்குனன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கழுத்தில் ஏழு எலும்பு. நடுவில் உள்ள வட்டுகள் தேய்ந்து, எலும்பின் ஓரம் முளைவிட்டு, கைக்கு இறங்குகிற நரம்பை அமுக்குகிறது. பெருவிரல் மரத்துப்போனதையும், முழங்கை மடிப்பில் தட்டினால் வருகிற துடிப்பு மங்கியிருந்ததையும் வைத்து ஆறாவது கழுத்து நரம்பு என்று அந்தப் பெண் சொல்லியிருக்கும். சொன்னதற்கு மார்க்கும் வந்திருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஆக்குபேஷன்: கூலி' என்று இருந்தது. 'அட்வைஸ்: அவாய்ட் லிஃப்டிங் ஹெவி வெயிட்ஸ்' என்று இருந்தது. ரெண்டு வரிக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. கனம் தூக்காதே என்பது உத்தியோகக்காரருக்கு அறிவுரை. டன் கணக்கில் கூலி வாங்குகிற பொம்பளைக்கு அது வேலையை விட்டு நிறுத்துகிற உத்தரவு. எழுதியவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்கிற கேள்விக்கு அவர் படித்த காலத்தில் மார்க் இல்லை.

*

மருத்துவத்துக்கு இது தெரியாத விசயமா? இல்லை. முந்நூறு வருசத்துக்கு முன்னாலேயே தெரியும். இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700இல் தொழிலாளிகளின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சுரங்கம் தோண்டுகிறவர், மலக்குழி அள்ளுகிறவர், சுமை தூக்குகிறவர் என்று ஒவ்வொரு தொழிலாகப் போய்ப் பார்த்து எழுதியவர். நோயாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்: நீ என்ன தொழில் செய்கிறாய்?

தலைச்சுமைக்கும் கழுத்துக்கும் உள்ள சம்பந்தமும் புதுசு இல்லை. 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 'போர்ட்டர்ஸ் நெக்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. சுமைகூலிக் கழுத்து என்று சொல்லலாம். இன்றைக்கு ஜிம்பாப்வே என்று சொல்கிற நாட்டில், வெள்ளையராட்சி நடந்துகொண்டிருந்தபோது, தலையில் சுமை தூக்கிக் கழுத்து உடைந்தும் நொறுங்கியும் வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளிகளைப் பற்றியது. கானா நாட்டில் தலைச்சுமை தூக்குகிறவர்களையும் தூக்காதவர்களையும் ஒப்பிட்டு 1994இல் ஓர் ஆய்வு வந்தது. தூக்குகிறவர்களுக்குத்தான் கழுத்துத் தேய்மானம் கூடுதல் என்று அது சொன்னது. கறுப்பர் கழுத்தும் நம் கழுத்தும் ஒரே சுமையைத்தான் சுமந்திருக்கின்றன. 2020ஆம் வருசக் கணக்குப்படி உலகம் முழுக்க 20 கோடிப் பேருக்குமேல் கழுத்து வலி. அதில் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருக்கிற கழுத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வாரத்துக்கு ஒரு கட்டுரை வருகிறது. சும்மாடு கூட்டிய கழுத்தைப் பற்றி எத்தனை வந்திருக்கிறது?

சட்டமும் இருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு கனத்தை எந்தத் தொழிலாளியையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. ஆனால் அது தொழிற்சாலைக்குள். கரும்பு ஆலையின் கேட்டுக்கு உள்ளே வந்தபிறகு அந்தக் கட்டைத் தூக்குகிறவனுக்குச் சட்டம் உண்டு. அதே கட்டைக் கழனியில் தூக்கிய எங்கம்மா கேட்டுக்கு வெளியே. கரும்பு ஒன்றுதான், கழுத்துதான் வேறு.

படிப்பில் இதற்கு இடமே இல்லை என்று சொன்னால் அது பொய். சமூக மருத்துவம் என்று தனிப் பாடமே இருக்கிறது. 2019இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மருத்துவ அறமும் நோயாளியோடு பேசுகிற முறையும் சேர்ந்திருக்கிறது. மாணவர்கள் கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்கள் உடல்நிலையைக் கவனிக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் தொழிலும் கூலியும் சாதியும் அந்தப் பாடத்தோடு முடிந்துவிடுகிறது. எலும்புப் பாடத்தில், நரம்புப் பாடத்தில் கழுத்து தனியாக வந்து நிற்கிறது, சுமையை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு. ஊர் தனி, சேரி தனி என்பது போலப் பாடத்திலும் ஒரு பிரிவினை.

*

இது நோயாளிப் பக்கம். கேஸ் தாளை எழுதிய மாணவர் பக்கமும் இருக்கிறது.

எங்கள் காலனியிலிருந்து ஒரு பொண்ணு எம்பிபிஎஸ் படிக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கியது. கள்ளக்குறிச்சி உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபோது எங்கள் சனம் பட்டாசு கொளுத்தாத குறை. நம் பிள்ளைகள் உள்ளே போய்விட்டால் நம் உடம்பை நம் பிள்ளைகளே பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை. அந்தப் பொண்ணு படிப்பது வேறொரு மாவட்டத்தில், பேர் வேண்டாம். அது சொன்னது:

"தியரி பேப்பர்ல பிரச்சின இல்லக்கா. நம்பர் மட்டும்தான் போகும், பேரு போகாது. வைவாலதான். போய் நின்னதும் பாடத்தக் கேக்கமாட்டாங்க. எந்த ஊரு? எந்த ஸ்கூலு? தமிழ் மீடியமா? நீட்ல எவ்ளோ? அவ்ளோதான், தெரிஞ்சிக்கிட்டாங்க. எனக்கு முன்ன போன பையன்கிட்ட பத்து நிமிசம் பேசுனாங்க. தப்பாச் சொன்னா எடுத்துக் குடுத்தாங்க. எங்கிட்ட ரெண்டு கேள்வி, 'சரி போ'. மலையிலருந்து வர்ற பாட்டிங்க பேசுறது அவனுக்குப் புரியாது, நான்தான் அவனுக்கு மாத்திச் சொல்லுவேன். அதுக்கெல்லாம் மார்க் கெடையாதுக்கா."

ஒரு பிள்ளையின் மனக்குறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படுகிற விதத்தை விசாரிக்க 2006இல் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2007இல் அறிக்கை வந்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களை நியாயமாக மதிப்பிடவில்லை என்று பெரும்பான்மையான தலித், பழங்குடி மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். டெல்லி வர்த்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடத்தில் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பெயிலானது பற்றித் தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையம் பாலச்சந்திர முங்கேகரை வைத்து விசாரித்தது. சாதிப் பாகுபாடு நடந்திருக்கிறது என்று 2012இல் அவர் அறிக்கை கொடுத்தார். மருத்துவத்துக்கு வெளியேயும் இதுதான் கதை. ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையில், வாய்மொழித் தேர்வில் சமத்துவம் இல்லை என்று எழுதிவைத்த சேலத்து முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் டெல்லியில் செத்துப்போனார். எழுத்துத் தேர்வில் பேரை மறைக்கலாம். வாய்மொழித் தேர்வில் முகத்தை எங்கே மறைப்பது? செய்முறையிலும் தனியாகத் தேறினால்தான் டாக்டர். அந்த வாசலில் தேர்வாளர் நிற்கிறார்.

இரண்டும் வேறு வேறு கதை இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. அம்மாவின் தலையில் இருந்த சுமையைப் பார்க்காத அதே கண்தான், மாணவியின் தலையில் இல்லாத 'கோட்டா' என்ற சுமையைப் பார்க்கிறது. இருப்பதைப் பார்க்காது, இல்லாததைப் பார்க்கும். சாதியின் கண் அப்படித்தான்.

வழி இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1975இல் ஒரு தேர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்கி என்று மாணவர்கள் சொல்வது அதுதான். தேர்வாளரின் தயவையும், எந்தக் கேஸ் வாய்க்கிறது என்ற அதிர்ஷ்டத்தையும் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். வரிசையாகப் பல இடங்கள். எல்லா மாணவருக்கும் அதே வேலை, அதே நேரம். தேர்வாளர் கையில் ஒரு பட்டியல். இதைக் கேட்டாரா, இதைச் செய்தாரா, டிக் போட வேண்டியதுதான். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்க அதில் கட்டம் இல்லை. நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. ஆனால் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பட்டியலில் இல்லாததற்கு மார்க் இல்லை. 'நோயாளி எவ்வளவு கனம், எத்தனை வருசம், எந்த விதமாகத் தூக்கினார் என்று கேட்டாரா' என்று ஒரே ஒரு வரியைக் கழுத்து வலிப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அடுத்த வருசம் படிக்கிற அத்தனை பேரும் அதைக் கேட்கப் பழகிவிடுவார்கள். புரட்சி ஒன்றும் வேண்டாம். ஒரு வரி. ஒரு மார்க்.

*

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். ஏனென்றால் அம்மாவுக்கு இப்போது தேவலை. அது எப்படி என்று சொல்ல வேண்டும்.

ஊருக்கு வந்தபிறகு பிசியோதெரபி பார்க்கிற ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை வைத்தியம் செய்வதும் ஒரு பகுதி. அவர் முதலில் கேட்ட கேள்வி, "என்னாம்மா தூக்குவீங்க?" அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். சும்மாட்டைக் கொண்டுவரச் சொல்லி, வெறும் தலையில் வைத்துக் காட்டச் சொன்னார். கட்டைத் தூக்கிவிட ஆள் உண்டா, தனியாகவே ஏற்றிக்கொள்வீர்களா, பலகையில் ஏறும்போது கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் கேட்டார்.

பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு மேல் போட்டால் கழுத்துத் தசை இன்னும் சோம்பேறியாகிவிடும் என்றார். மோவாயை உள்ளுக்கு இழுத்துப் பத்து எண்ணச் சொன்னார். உள்ளங்கையை நெத்தியில் வைத்துத் தலை அசையாமல் எதிர்த்து அமுக்கச் சொன்னார். அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் பின்னால். தோள்பட்டை இரண்டையும் முதுகுப் பக்கம் சேர்த்து இழுக்கச் சொன்னார். தினமும் ரெண்டு வேளை. வலி உள்ள இடத்தில் துணியைச் சூடு பண்ணி ஒத்தடம். வலி மாத்திரையை இஷ்டத்துக்குத் தின்னக் கூடாது, வயிறும் கிட்னியும் போகும் என்றார். படத்தில் தேய்மானம் தெரிகிறது என்று பயப்பட வேண்டாம், வயசானவர்கள் பலருக்கு வலியே இல்லாமலும் படத்தில் தேய்மானம் தெரியும் என்றார். ஆனால் கைவிரல் சொன்னபேச்சுக் கேட்காமல் ஊக்கு மாட்ட, முடிச்சுப் போட முடியாமல் போனாலோ, கால் விறைத்து நடை தடுமாறினாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்குக் கட்டுப்பாடு போனாலோ ஒருநாள்கூடத் தள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அது தண்டுவடம் அமுங்குகிற அறிகுறி என்றார். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் தெருவில் சொல்லுங்கள்.

சுமைக்கு என்ன செய்வது? கட்டைப் பாதியாக்குங்கள் என்றார். பாதியாக்கினால் நடை ரெட்டிப்பாகும், டன்னுக்கு அதே கூலி. இங்கே வைத்தியம் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடத்தியது டாக்டர் இல்லை, அம்மாவோடு வேலை செய்கிற கேங்குப் பொம்பளைகள். பொழுதோட உட்கார்ந்து பேசினார்கள். அம்மா சோகை உரிக்கட்டும், கட்டுக் கட்டட்டும், தலையில் தூக்க வேண்டாம், பங்கு எல்லாருக்கும் போல என்று முடிவு பண்ணினார்கள். இன்னொருத்திக்கும் கழுத்து நோவு இருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கட்டை ஏற்றிவிடவும் இறக்கவும் ரெண்டு பேர் நிற்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார்கள். மேஸ்திரி முணுமுணுத்தார். அப்படியே விட்டுவிட்டார், வெட்ட ஆள் கிடைக்காத காலம். நாலைந்து மாசத்தில் அம்மாவுக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. பெருவிரலில் உணர்ச்சி வந்தது. உடற்பயிற்சி பாதி வைத்தியம். மீதி பாதி அந்தப் பொம்பளைகளின் நியாயம். எந்த மருந்துச் சீட்டிலும் அதை எழுதித்தரமாட்டார்கள்.

*

கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. அதை ஒட்டி மலைப்பாதை ஏறுகிறது. மேலே கரியாலூர், வெள்ளிமலை. சங்க வேலையாகக் கல்வராயன் மலைக்குப் போகிறபோதெல்லாம் இப்போது நான் கழுத்துகளைப் பார்க்கிறேன். மரவள்ளி மூட்டை, வெறகு, கடுக்காய், ரோடு இல்லாத குக்கிராமத்துக்கு ரேஷன் அரிசி. எல்லாம் தலைமேலும் தோள்மேலும்தான். மலையாளிப் பழங்குடிகள் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதை சொல்கிறவர்கள். சேரியிலிருந்து போகிற என்னிடம் எல்லா வீட்டுத் திண்ணையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அது வேறு சண்டை, அதையும் போடத்தான் போகிறோம். ஆனால் அவர்களும் ஜாகிர்தார்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வெட்டி வேலை செய்தவர்கள். 1976இல்தான் அந்த ஜாகிர்கள் ஒழிந்தன, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருசம். ஜாகிர் போனது, சுமை போகவில்லை. வட்டாரம் முழுக்கப் பார்க்க வேண்டிய பிசியோதெரபிஸ்ட் எத்தனை மேடு ஏறி எத்தனை கழுத்தைப் பார்க்க முடியும்?

பார்க்காத நோவு எங்கே போகும்? பொழுது சாய்ந்தால் உடம்பு நோவுக்குத்தான் குடிக்கிறேன் என்று சொல்வது எங்கள் தெருவில் பழகின பேச்சு. முழுக்க உண்மையும் இல்லை, முழுக்கப் பொய்யும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலரும் கூலித் தொழிலாளிகள், பலரும் நம் சனம். அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்காக எடுத்தது. சாராயத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசினார்கள். அந்த உடம்புகளில் என்ன நோவு இருந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம். நல்ல வைத்தியம் இருந்திருந்தால் யாரும் குடித்திருக்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. உழைக்கிறவன் நோவுக்கு அரசாங்கம் வைத்தியம் பண்ணாத இடத்தில் சாராயக்காரன் வைத்தியனாகிவிடுகிறான் என்று சொல்கிறேன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பரீட்சைக்கு உட்காருகிற நோயாளியிடம் அவருக்குப் புரிகிற தமிழில் சம்மதம் கேட்க வேண்டும், மறுக்கலாம் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும், அவர் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். வாய்மொழித் தேர்வில் எல்லாருக்கும் அதே கேள்வி, அதே நேரம், எழுதிவைத்த மார்க் பட்டியல் வேண்டும். ஊரையும் பள்ளியையும் நீட் மார்க்கையும் கேட்கத் தடை வேண்டும். கழுத்து, முதுகு, மூட்டு எந்தக் கேஸாக இருந்தாலும் சுமையின் வரலாற்றைக் கேட்பதற்கு மார்க் வேண்டும். நோயாளியின் பேச்சு புரிகிற பிள்ளைக்கு அந்தப் புரிதலுக்கும் மார்க் வேண்டும். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இயன்முறை வைத்தியம் நிரந்தரமாக வேண்டும். கனத்துக்கு ஆலைக்குள்ளே உள்ள சட்டம் கரும்புக் கொல்லைக்கும் வர வேண்டும்.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் மருத்துவ மாணவர்களும் இருப்பீர்கள். உங்களில் எங்கள் பிள்ளைகளும் இருப்பீர்கள். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். என்ன கூலி, எவ்வளவு கனம், எத்தனை வருசம், யார் ஏற்றிவிட்ட சுமை என்று கேளுங்கள். இன்றைக்கு அதற்கு மார்க் இல்லை. கேட்கிறவர்கள் பெருகினால் மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும்.